இஸ்லாமிய வங்கிகளின் கூடுதல் செலவு எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

அஸ்ஸலாமு அலைக்கும், அண்ணன். நான் பல்கலைக்கழகத்தில் நிதித்துறை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வங்கிகளின் செயல்திறன் குறித்த ஒப்படைப்புக்கு இஸ்லாமிய வங்கிகளை எடுத்துக்கொண்டேன். ஒரே நாட்டில் இரு வகை வங்கிகளும் இயங்கும்போது இஸ்லாமிய வங்கிக்கே செலவு கூடுதல் என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. என் அத்தா இதை ஏற்கவில்லை. வட்டி இல்லாத இடத்தில் செலவு எப்படிக் கூடும் என்று கேட்கிறார். எனக்கோ வேறு ஐயம். செலவு கூடினால் அதைப் பணம் போட்டவரும் பணம் வாங்கியவரும்தானே சுமக்கிறார்கள்? அப்படியானால் இந்த வங்கிமுறை திறன் குறைந்தது என்று எழுதிவிடலாமா? நீங்கள் இந்தத் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

3 மார்ச் 2024, இரவு

வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி. அப்படி எழுதிவிட வேண்டாம். செலவு கூடுதல் என்பது பல இடங்களில் உண்மைதான். ஆனால் அந்தச் செலவு எதற்காக ஆனது என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதினால் ஒப்படைப்பில் பாதி வேலையை விட்டுவிட்டதாக ஆகும்.

அத்தாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். வட்டி கொடுக்காத வங்கியும் வைப்பாளருக்கு இலாபப் பங்கு கொடுக்கிறது, ஊழியருக்குச் சம்பளமும் கிளைக்கு வாடகையும் கொடுக்கிறது, கணினிக்குச் செலவழிக்கிறது. அதற்கு மேல் ஷரீஆ அறிஞர் குழு, ஷரீஆ தணிக்கை, கூடுதல் ஆவணங்கள் என்று மற்ற வங்கிகளுக்கு இல்லாத செலவுகளும் அதற்கு உண்டு.

5 மார்ச் 2024

சிங்கப்பூரின் ஷென்டன் வே பகுதியில் ஒரு வங்கியின் ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை. செலவு எங்கே கூடுகிறது என்பதை அந்த மேசையிலிருந்துதான் நான் முதலில் புரிந்துகொண்டேன்.

ஒரு நிறுவனத்திற்கு அன்றாட வணிகத்தை நடத்தப் பணம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி அடிப்படையில் கொடுப்பதானால், ஒப்பந்தம் கையெழுத்தான பின் பணத்தை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்க ஒரே ஒரு பதிவு போதும். அதே பணத்தைப் பண்ட முராபஹா முறையில் கொடுக்க வேண்டுமானால், வங்கி முதலில் ஒரு தரகரிடமிருந்து செம்பனை எண்ணெயோ உலோகமோ வாங்க வேண்டும். வாங்கிய பொருளை அடக்கவிலையுடன் இலாபம் சேர்த்துத் தவணைக்கு வாடிக்கையாளரிடம் விற்க வேண்டும். வாடிக்கையாளர் அதை, பெரும்பாலும் அதே வங்கியை முகவராக நியமித்து, வேறொரு தரகரிடம் உடனடி விலைக்கு விற்க வேண்டும். அதன் பிறகே பணம் அவர் கைக்கு வரும். முகவர் நியமனக் கடிதம், வாங்கியதற்கான உறுதிச் சீட்டு, விற்பனை முன்மொழிவு, அதை ஏற்றதற்கான பதில், இரண்டாவது விற்பனையின் உறுதிச் சீட்டு என ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு தாள் உண்டு.

தாள்கள் மிகுதி என்பதைவிட அவற்றின் வரிசை முக்கியம். வங்கி தன் உடைமையில் இல்லாத பொருளை விற்கக் கூடாது. ஆகவே வாங்கிய நேரம் விற்ற நேரத்துக்கு முன்னதாக இருக்க வேண்டும். ஒருமுறை, வாடிக்கையாளரின் ஏற்புப் பதில் தரகரின் உறுதிச் சீட்டுக்குச் சில நிமிடங்கள் முன்னதாகப் பதிவாகியிருந்தது. பணம் சென்று சேர்ந்துவிட்டது, வாடிக்கையாளரும் மனநிறைவுடன் இருந்தார், வங்கிக்கும் எந்த நட்டமும் இல்லை. ஆனாலும் ஷரீஆ தணிக்கையில் அது பிடிபட்டது. அந்தப் பரிவர்த்தனையில் கிடைத்த இலாபம் முழுவதும் வருமானக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு அறப்பணிக்குச் சென்றது. அன்று நாங்கள் செய்த வேலை வட்டிக் கடனுக்குச் செய்யும் வேலையைப்போல் பல மடங்கு, ஈட்டியதோ எதுவுமில்லை. எந்த விகிதத்தில் போட்டுப் பார்த்தாலும் அது திறனற்ற நாளாகத்தான் தெரியும். எனக்கோ அந்தத் தணிக்கையாளர் மீது மதிப்பு கூடியது. அவர் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அந்தத் தாள்களுக்கு ஒரு பொருளும் இல்லாமல் போயிருக்கும்.

எனவே கூடுதல் செலவின் ஒரு பகுதி, ஒப்பந்தத்தின் கட்டங்களை உண்மையாகவே நிறைவேற்றுவதற்கான செலவு. அதை மட்டும் வைத்து மற்றவற்றையும் நியாயப்படுத்திவிட முடியாது. மற்றவற்றைப் பின்னர் எழுதுகிறேன்.

8 மார்ச் 2024

இப்போது கட்டுரைகளைப் பார்ப்போம். நீங்கள் குறிப்பிடும் முடிவு பெரும்பாலும் பெக், தெமிர்கூச்-குன்ட், மெரூஷ் ஆகியோரின் ஆய்விலிருந்து வந்திருக்க வேண்டும். அது 2013-ல் வெளியானது. இஸ்லாமிய வங்கிகள் செலவுத் திறனில் பின்தங்குகின்றன. ஆனால் திரட்டிய பணத்தில் அவை நிதியுதவியாகக் கொடுக்கும் பங்கு உயர்வு, சொத்தின் தரம் நன்று, மூலதனமும் வலுவானது என்று அவர்கள் சொல்கிறார்கள். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அதே ஆய்வு 2010-ல் உலக வங்கியின் பணித்தாளாக வந்தபோது அதில் இன்னொரு செய்தி இருந்தது. பல நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது இஸ்லாமிய வங்கிகளே செலவுத் திறனில் முந்தியிருந்தன. இரு வகை வங்கிகளும் சேர்ந்து இயங்கும் நாடுகளை மட்டும் எடுத்தபோது முடிவு தலைகீழானது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதே விடையை மாற்றிவிடுகிறது. ஒரே சட்டம், ஒரே சம்பள நிலை, ஒரே பொருளாதாரச் சூழல் உள்ள வங்கிகளை ஒப்பிடுவது நியாயம் என்பதால் இரண்டாவது முடிவையே நான் அதிகம் நம்புகிறேன். ஆயினும் அது தனியொரு உண்மையாக நிற்பதில்லை.

உங்கள் ஒப்படைப்பில் டேட்டா என்வெலப்மென்ட் அனாலிசிஸ் முறையைப் பயன்படுத்துவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் வகுத்த அந்த முறை, நீங்கள் சேர்த்த வங்கிகளுக்குள் மிகச் சிறந்தவற்றை வைத்தே ஓர் எல்லைக்கோட்டை வரைகிறது; மற்றவை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளக்கிறது. வகுப்பில் முதலாவதாக வந்த மாணவன் நூறு மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா? 1 என்ற மதிப்பைப் பெற்ற வங்கியும் அப்படித்தான். சேர்த்த வங்கிகள் சிலவே என்றால் பாதிக்கு மேற்பட்டவை 1 பெற்றுவிடுவதும் உண்டு.

ஆண்டுதோறும் ஏற்படும் மாற்றத்தை அளக்க மாம்குவிஸ்ட் குறியீட்டைப் போடுவார்கள். அதில் இரண்டு கூறுகள் உண்டு. வங்கி எல்லைக்கோட்டை நெருங்கியதா என்பது ஒன்று. எல்லைக்கோடே முன்னால் நகர்ந்ததா என்பது மற்றொன்று. தன் வேலையைத் திருத்திக்கொண்ட வங்கிக்கும், ஊருக்கெல்லாம் வந்த புதிய கணினி வசதியால் முன்னேறிய வங்கிக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரியும். மொத்த எண்ணை மட்டும் அட்டவணையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

9 மார்ச் 2024

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன ஒன்று. எனக்கு மிகவும் பயன்பட்ட ஆய்வு ஜோன்ஸ், இஸ்ஸல்தீன், பப்பாஸ் மூவரும் 2004 முதல் 2009 வரையிலான தரவுகளை வைத்துச் செய்தது. அவர்கள் வங்கியின் திறனை இரண்டாகப் பிரித்தார்கள். நிர்வாகத்தின் திறமை ஒரு பகுதி. வங்கி எந்த முறையில் இயங்குகிறதோ அந்த முறையால் வரும் வரம்பு மற்றொரு பகுதி. மொத்தத்தில் இரு வகை வங்கிகளும் ஏறத்தாழச் சமம். நிர்வாகத் திறமையில் இஸ்லாமிய வங்கிகள் முந்தின. முறையால் வரும் திறனில் பின்தங்கின.

என் மேசை அனுபவத்தை யாரோ அளந்து எழுதியதுபோல் இருந்தது எனக்கு. வேலை செய்தவர்கள் சோம்பலாக இல்லை. அவர்கள் கடக்க வேண்டியிருந்த பாதை நீளமானது.

12 மார்ச் 2024

ஒரு வாசகர் எழுதுகிறார்: “அப்படியானால் மார்க்கமே செலவை ஏற்றுகிறது என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள்.” இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பாதை நீள்வதற்கு மார்க்கம் முழுக் காரணம் ஆகாது. கடனுக்கென்று கட்டப்பட்ட அமைப்புக்குள் விற்பனையையும் பங்காண்மையையும் நுழைப்பதால்தான் அதில் பெரும்பகுதி நீள்கிறது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி ஒரு வீட்டை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்றால் இரண்டு விற்பனைகள், ஆகவே இருமுறை முத்திரைத் தீர்வை. வட்டிக் கடனில் அந்தச் சுமை ஒருமுறைதான். 2005 வரவு செலவுத் திட்டத்தில் சிங்கப்பூர் அந்த இரட்டைத் தீர்வையை நீக்கியது. ஒப்பந்தத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஷரீஆ விதியும் மாறவில்லை. செலவு மட்டும் குறைந்தது. அதற்கு முன்பிருந்த கூடுதல் செலவை மார்க்கத்தின் கணக்கில் எழுதியிருந்தால் அது தவறான கணக்காக இருந்திருக்கும்.

கைவசப் பணத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். சாதாரண வங்கி மாலையில் மிஞ்சிய பணத்தை ஓரிரவுக்கு வட்டிக்கு விடும். அரசுக் கடன்பத்திரத்தில் வைக்கும். இஸ்லாமிய வங்கிக்கு அந்த வழிகள் இல்லை. ஆகவே பணத்தைச் சும்மா வைத்திருக்க நேர்ந்தது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2009-ல் 200 மில்லியன் வெள்ளி வரம்புடன் ஒரு சுகூக் (வட்டியில்லா இஸ்லாமியப் பத்திர) திட்டத்தைத் தொடங்கியதும், அடுத்த ஆண்டில் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பன்னாட்டு இஸ்லாமிய ரொக்க மேலாண்மைக் கழகம் அமைந்ததும் இந்தக் குறையை நிரப்பத்தான்.

இனி நான் மனம் வருந்திச் சொல்ல வேண்டிய பகுதி. பண்ட முராபஹாவில் பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குச் செம்பனை எண்ணெய் தேவையில்லை. அவர்கள் அதைக் கண்ணால் பார்ப்பதுமில்லை. தேவை பணம்தான். பணம் பெறுவதற்காகவே பொருளை வாங்கி விற்பதைத் தவர்ருக் என்பார்கள். இவ்வாறு ஏற்பாடு செய்யப்பட்ட தவர்ருக் கூடாது என்று 2009-ல் ஷார்ஜாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி தீர்மானித்தது. மலேசியாவின் ஷரீஆ ஆலோசனை மன்றமோ அதை அனுமதிக்கிறது. நான் மார்க்க அறிஞன் அல்லேன். இரு தரப்பிலும் என்னைவிடப் பல மடங்கு கற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செலவைக் கணக்கிட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். தவர்ருக்கில் ஆகும் கூடுதல் செலவு வணிகத்திற்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இடரைப் பகிர்ந்துகொள்ளவில்லை, சரக்கை யாருக்கும் கொண்டு சேர்க்கவில்லை, தொழிலைப் பற்றி வங்கி எதையும் புதிதாக அறிந்துகொள்ளவில்லை. கடனுக்கு நிகரான ஒன்றை நீண்ட வழியில் செய்து முடித்தோம். திறன் குறைவு என்ற குற்றச்சாட்டு இங்கே ஓரளவு பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

முஷாரகா எனும் பங்காண்மையிலும், தேவையான பொருளையே வாங்கி விற்கும் உண்மையான முராபஹாவிலும் நிலைமை வேறு. இயந்திரம் வாங்க வருபவருக்கு வங்கி அந்த இயந்திரத்தையே வாங்கி விற்கும்போது, விலை, விற்பவர், உத்தரவாதம் எல்லாவற்றையும் அது விசாரிக்க வேண்டியிருக்கிறது. பங்காளியாகச் சேரும்போது கடையின் கணக்கைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இதுவும் செலவுதான், இதற்கு ஈடாக ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அந்த இரண்டு செலவுகளையும் ஒரே பத்தியில் கூட்டி, ஒரே விகிதமாக வகுத்துக் காட்டும்போதுதான் நம் விவாதமே குழம்பிப்போகிறது.

13 மார்ச் 2024

இன்னொரு வாசகருக்கு. இஸ்லாமிக் பேங்க் ஆஃப் ஏஷியா மூடப்பட்டதற்கு ஷரீஆ கட்டுப்பாடுகளே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி வளைகுடா நாடுகளின் 34 முதலீட்டாளர்களோடு சேர்ந்து 2007-ல் 500 மில்லியன் அமெரிக்க டாலர் மூலதனத்துடன் அதைத் தொடங்கியது. 2015-ல் அதைப் படிப்படியாக மூடுவதாக அறிவித்தபோது டிபிஎஸ் சொன்ன காரணம், போதிய அளவுக்கு வளர்ந்து செலவைப் பரப்ப முடியவில்லை என்பதே. தொடங்கிய மறு ஆண்டிலேயே உலக நிதி நெருக்கடி வந்ததையும் மறந்துவிடக் கூடாது.

அளவு என்பது இங்கே மிகப் பெரிய காரணி. ஷரீஆ குழுவுக்கும் தனிக் கணினி அமைப்புக்கும் ஆகும் செலவு, வங்கி சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் பெரிதாக மாறாது. பத்து வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தால் சுமை. பத்து இலட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தெரியாது. சிங்கப்பூரில் முஸ்லிம்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு. அவர்களில் பலர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அக்கழகத்தின் கடனையே எடுக்கிறார்கள். தனியொரு இஸ்லாமிய வங்கிக்கு இங்கே மிஞ்சும் சந்தை சிறியது. மேபேங்க், சிஐஎம்பி போன்றவை மலேசியாவில் ஏற்கெனவே கட்டிய அமைப்பை வைத்து இங்கே இஸ்லாமியக் கணக்குகளை வழங்க முடிவதற்கும் இதுவே காரணம்.

17 மார்ச் 2024

அளவைப் பற்றி எழுதிய பின் தொடர்ந்து யோசித்ததில், அளக்கும் முறையைப் பற்றி இன்னும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

மலேசியாவின் பெரிய வங்கிக் குழுமங்களில் இஸ்லாமிய வங்கி தனி நிறுவனமாக இருக்கும். மேபேங்க் இஸ்லாமிக் 2008 தொடக்கத்திலிருந்து அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அது தாய் வங்கியின் கிளைகளையும் ஊழியர்களையும் கணினியையும் பயன்படுத்திக்கொள்கிறது; அதற்கு ஈடாக ஒரு கட்டணம் செலுத்துகிறது. ஆய்வாளர் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து ஊழியர் செலவு என்ற வரியை எடுத்துக்கொண்டால் அது மிகக் குறைவாக இருக்கும். உழைப்பு என்ற இடுபொருள் குறைவு, நிதியுதவி என்ற விளைபொருள் மிகுதி. ஆகவே திறன் உச்சத்தில் நிற்கும். 1983 ஜூலையில் தொடங்கித் தன் சொந்தக் கிளைகளோடு வளர்ந்த பேங்க் இஸ்லாம் அதே பட்டியலில் பின்தங்கித் தோன்றும். இது இரண்டு நிர்வாகங்களின் திறமையை ஒப்பிட்டதாகாது. கட்டணம் எந்த வரியில் எழுதப்பட்டது என்பதையே ஒப்பிட்டதாகும்.

சவூதியின் அல் ராஜ்ஹி வங்கியை உலகிலேயே திறன் மிக்கவற்றில் ஒன்றாகக் காட்டுவார்கள். அங்கே வைப்பாளர்களில் பெரும்பகுதியினர் எந்த ஆதாயமும் கேளாமல் நடப்புக் கணக்கில் பணம் வைத்திருந்தார்கள். வட்டி வேண்டாம் என்ற அவர்களின் நம்பிக்கையே வங்கிக்கு விலையில்லா நிதியாக அமைந்தது. வங்கியின் திறன் என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு அந்த வைப்பாளர்கள் விட்டுக்கொடுத்த ஆதாயம். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் சிலர் இங்கே சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்து, வரும் வட்டியைப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கும் நினைவுக்கு வரும்.

வருமானப் பக்கத்திலும் ஒன்று உண்டு. தவணை தவறினால் சாதாரண வங்கி அபராத வட்டி விதித்து அதை வருமானமாக எடுத்துக்கொள்ளும். மலேசிய நடைமுறையில் இஸ்லாமிய வங்கி தனக்கு ஏற்பட்ட உண்மையான இழப்புக்கு ஈடாக மட்டுமே தஅவீத் பெறலாம். அதற்கு மேற்பட்ட அபராதம் அறப்பணிக்குச் செல்ல வேண்டும். தவணை தவறியவரின் துன்பத்தில் இலாபம் பார்க்காதிருப்பது இந்த முறையின் உயிர்நாடி. வருமானத் திறனை அளக்கும் சூத்திரத்துக்கு அது வெறும் குறைந்த வருமானம். அத்தொகையைத் தனியே காட்டிவிட்டுப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

18 மார்ச் 2024

தவர்ருக்கின் செலவு பற்றி 12-ஆம் தேதி எழுதியதற்கு ஒரு வாசகர் சரியான எதிர்வாதம் வைத்திருக்கிறார். மலேசியப் பங்குச் சந்தை 2009-ல் தொடங்கிய சூக் அல்-சிலா தளத்தில் இந்தப் பரிவர்த்தனைகளை மின்னியல் முறையில் விரைவாக முடிக்கலாம்; நான் வருணித்த தாள்களின் காலம் மாறிவிட்டது என்கிறார். உண்மை. தரகுச் செலவும் கைவேலையும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. வாங்கிய நேரமும் விற்ற நேரமும் தாமாகவே வரிசைப்படி பதிவாகும்போது நான் சொன்ன பிழை நேர இடமில்லை.

ஆனால் இதிலிருந்து ஒரு கவலை பிறக்கிறது. தவர்ருக் வழி மலிவாக மலிவாக, வங்கிகள் அதன் பக்கமே சாய்கின்றன. மலேசியாவின் 2013 இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம், அசலுக்கு உறுதி தரும் வைப்பையும் இலாப நட்டத்தைப் பகிரும் முதலீட்டுக் கணக்கையும் தெளிவாகப் பிரித்தது. நோக்கம் நல்லது. விளைவாகப் பல வங்கிகள் தங்கள் முதாரபா எனும் இலாபப் பங்கு வைப்புகளைத் தவர்ருக் வைப்புகளாக மாற்றிக்கொண்டன. மாம்குவிஸ்ட் குறியீட்டில் இது தொழில்நுட்ப முன்னேற்றமாகவே பதிவாகும். எல்லைக்கோடு முன்னால் நகர்ந்திருக்கும். பங்காண்மை பின்னால் போயிருக்கும். உற்பத்தித்திறன் கூடியது என்ற முடிவைப் படிக்கும்போது எதை உற்பத்தி செய்வதில் கூடியது என்று நான் கேட்பது இதனால்தான்.

24 மார்ச் 2024

ஊர் பைத்துல்மாலை (ஊர்ப் பொதுநிதியை) பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: எந்தச் செலவுமின்றி வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்களே, அதுதானே உச்சத் திறன்?

கடையநல்லூர்ப் பக்கத்தில் என் உறவினர் ஒருவர் அப்படியொரு பைத்துல்மாலின் கணக்கைப் பார்த்து வந்தார். நகையை ஈடாகப் பெற்றுக்கொண்டு கர்ழன் ஹஸனா கொடுப்பார்கள். கடை வைக்க, மகளின் திருமணத்துக்கு, மருத்துவமனைக்கு என்று வருவார்கள். கடன் வாங்கியவர் யார், அவருடைய அண்ணன் எங்கே வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் பணம் பெரும்பாலும் திரும்பிவிடும். விடுமுறைக்குச் சென்றபோது அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்த எனக்கே அதன் ஒழுங்கு வியப்பாக இருந்தது.

ஆனால் அங்கே செலவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மாலை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தார், சம்பளம் வாங்கவில்லை. அவருடைய உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதால் உழைப்பே இல்லை என்றாகிவிடாது. அவர் உடல்நலம் குன்றியபோது அந்த வேலையை ஏற்க ஆள் கிடைப்பது கடினமாயிற்று. நம்பிக்கையால் இயங்கும் அமைப்பு, ஒருவரையொருவர் அறிந்த எல்லைக்குள்தான் மலிவு. 1963-ல் எகிப்தின் மித் கம்ரில் அஹ்மத் அல்-நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியும் சிறு உழவர்களை நம்பித்தான் வளர்ந்தது. சில ஆண்டுகளில் அது தனி அமைப்பாக நீடிக்க முடியாமல் போனது. ஆயினும் பின்னால் வந்த இஸ்லாமிய வங்கிகள் பலவும் அதை முன்னோடியாகக் கொள்கின்றன.

உண்மையான சொத்து கையில் இருக்கும்போது இந்த முறை எப்படி வேலை செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. பென்கூலன் ஸ்திரீட்டில் இருந்த வக்ஃபு நிலம், இருக்கும் இடத்துக்கு ஏற்ற வருமானம் தராமல் கிடந்தது. 2001-ல் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) 35 மில்லியன் வெள்ளிக்கு முஷாரகா பத்திரம் வெளியிட்டு, அங்கே புதிய பள்ளிவாசலையும் வணிகப் பகுதியையும் சேவை அடுக்ககத்தையும் எழுப்பியது. வாடகை இன்று வக்ஃபுக்கு வருகிறது. எண்ணெய் வாங்கி விற்கும் தேவை அங்கே எழவில்லை. நிலமும் கட்டடமும் பங்காளிகளும் இருந்தார்கள். அந்தப் பள்ளியில் ஜும்ஆ தொழும்போது மேலே எழுந்து நிற்கும் கட்டடத்தைப் பார்ப்பேன். இஸ்லாமிய நிதியின் உற்பத்தித்திறனை அளக்க விரும்புபவர்கள் இத்தகையவற்றிலிருந்து தொடங்கினால் நம் விவாதத்தின் போக்கே மாறியிருக்கும்.

25 மார்ச் 2024

இந்தியாவில் ஏன் இல்லை என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-ல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது, 2017-ல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தது. இதற்கு மேல் அது வேறு விவாதம்.

30 மார்ச் 2024

தம்பி, ஒப்படைப்பை அடுத்த வாரம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசிய வங்கிகளை எடுத்திருப்பதால் ஆண்டறிக்கையில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் வருமானம். மொத்த வருமானத்திலிருந்து வைப்பாளருக்குச் சேர வேண்டிய பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதே வங்கியின் நிகர வருமானம். செலவு-வருமான விகிதத்தில் வகுக்கும் எண்ணாக வர வேண்டியது அதுதான். கழிக்காமல் வகுத்தால் இஸ்லாமிய வங்கி உள்ளதைவிட மிகச் சிக்கனமாகத் தோன்றும். சாதாரண வங்கிக்கு நிகர வட்டி வருமானத்தை எடுத்துவிட்டு இதற்கு மொத்தத்தை எடுத்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.

பிறகு நிர்வாகச் செலவின் விளக்கக் குறிப்பு. தாய் வங்கிக்குச் செலுத்திய பகிர்வுச் சேவைக் கட்டணம் அங்கே இருக்கும். அதை ஊழியர் செலவோடு கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டாமல் ஒருமுறையும் கூட்டி ஒருமுறையும் கணக்கிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். உங்கள் ஒப்படைப்பின் மிக முக்கியமான அட்டவணை அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாக, நிதியுதவி எந்தெந்த ஒப்பந்தங்களில் கொடுக்கப்பட்டது என்று பிரித்துக் காட்டும் குறிப்பைத் தேடுங்கள். பண்ட முராபஹா எவ்வளவு, இஜாரா (குத்தகை) எவ்வளவு, முஷாரகா எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். செலவு கூடிய வங்கியில் முஷாரகாவின் பங்கு அதிகமா குறைவா என்று பார்த்துவிட்டே திறனைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அறப்பணி நிதிக்கு வந்ததும் போனதும் வேறொரு குறிப்பில் வரும். ஷரீஆவுக்கு ஒவ்வாத வருமானம் என்று ஒதுக்கப்பட்ட தொகையையும் பாருங்கள். தொகை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதற்காக அந்த வரியை விட்டுவிட வேண்டாம்.

பேராசிரியர் ஒப்புக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பதிலாக 2013-க்கு முன்னும் பின்னுமாகத் தரவுகளை எடுங்கள். அந்தச் சட்டத்துக்குப் பிறகு வைப்புகளின் வகை மாறியது உங்கள் எண்களிலேயே தெரியும். அட்டவணை தயாரானதும் இங்கே இடுங்கள். விளக்கக் குறிப்புகளை நானும் உங்களோடு சேர்ந்து சரிபார்க்கிறேன்.